ஆறு மா நிலமும் நாலு மூட்டை நெல்லும்

விரல் அகலத்துக்கு ஒரு மஞ்சள் காகிதத் துண்டு. பின்னால் கொஞ்சம் பசை, மேலே ஒரு அம்புக்குறி. உங்கள் மகன் அதை வருமான வரிக் காகிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி என் முன்னால் நகர்த்தினான். "அம்மா, அம்பு போட்ட எடத்துல ஒரு கையெழுத்து போடு. மத்ததெல்லாம் நான் பாத்துட்டேன்." ஒரு கையில் கார்ச் சாவி, ஒரு காலில் ஏற்கெனவே ஷூ. குரல் அச்சு அசல் உங்கள் குரல். எனக்குச் சுர்ரென்று உச்சிக்கு ஏறிவிட்டது.

நீங்கள் போய் இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. நான் கனடாவுக்கு வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. புதிதாக வந்து குடியேறியவர்கள், பெரிதாகச் சம்பாதிக்காவிட்டாலும், முதல் வருஷத்திலேயே வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்றார்கள். எனக்கு என்ன பெரிய வருமானம்? உங்கள் பேரைச் சொல்லி மாதாமாதம் வருகிற குடும்ப ஓய்வூதியம்தான். அதையும் எழுத வேண்டுமாம். ஏப்ரல் முடிவதற்குள் கொடுக்க வேண்டுமாம். அதற்குத்தான் அந்தக் காகிதம், அந்த அம்பு.

நீங்களும் இப்படித்தானே! முப்பத்து நாலு வருஷம் மஞ்சள் துண்டுக்குப் பதிலாகப் பென்சிலில் ஒரு பெருக்கல் குறி. ரேஷன் கார்டோ, வங்கிக் கணக்கோ, பையனின் படிப்புக் கடனோ, எதுவாக இருந்தாலும் காகிதத்தை மடித்து, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி நீட்டுவீர்கள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போடுவேன். "என்னங்க இது?" என்றால், "எல்லாம் படிச்சுட்டுத்தான் கொண்டாந்திருக்கேன், நீ போடு" என்பீர்கள். பள்ளிக்கூட எழுத்தர். பூதலூரில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்தவர். உங்களை விடவா நான் படித்துவிடப் போகிறேன் என்று இருந்துவிட்டேன்.

இத்தனைக்கும் நான் அங்கன்வாடியில் பதிவேடு பதிவேடாக எழுதிக் கிழித்தவள். எத்தனை முட்டை வந்தது, எத்தனை உடைந்தது, எந்தக் குழந்தை எத்தனை கிலோ என்று ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதுகிறவள். மேற்பார்வைக்கு வருகிற அம்மா நீட்டுகிற காகிதத்தைக்கூட மேலிருந்து கீழே படிக்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. "உங்ககிட்ட ஒரு கையெழுத்து வாங்குறதுக்குள்ள பஸ்ஸு போயிடும்மா" என்று அவரே கிண்டல் செய்வார். நீங்கள் நீட்டியதை மட்டும் நான் படித்ததே இல்லை. அதை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அன்றைக்கு அவனிடம் சொன்னேன். "சாவியக் கீழ வைடா. உக்காரு. ஒவ்வொரு வரியா தமிழ்ல சொல்லு. அப்பறம் போடுறேன்."

"அம்மா, எனக்கு நேரமாச்சு."

"எனக்கும்தான் நேரமாச்சு. அறுவது வருஷம் ஆச்சு. உக்காரு."

உட்கார்ந்தான். பெயர், பிறந்த நாள், இந்த நாட்டுக்குள் நுழைந்த நாள். அடுத்த கட்டத்தில் மணமானவரா, பிரிந்தவரா, துணையை இழந்தவரா என்று கேட்டிருந்தது. அவன் அந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போனான். நானே காகிதத்தைப் பிடித்து நிறுத்தி, எந்தக் கட்டத்தில் குறி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் விட்டேன். அப்புறம் ஓய்வூதியம். அப்புறம், வெளிநாட்டில் சொத்து உண்டா என்று ஒரு கேள்வி. 'இல்லை' என்று போட்டிருந்தான்.

"இல்லைன்னு போட்டிருக்கே?"

"ஆமாம்மா."

"என் நெலம் என்னாச்சு? ஆறு மா?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. "பெரிய மதிப்பு இருந்தாத்தான்மா அதைச் சொல்லணும். விடும்மா" என்றான்.

"வருஷா வருஷம் நாலு மூட்டை நெல்லு வந்துச்சே. அப்பா போனதுக்கப்பறம் நானும் வாங்கல, உன் மாமனும் அனுப்பல. அதுக்காக நெலம் இல்லைன்னு ஆயிடுமா?"

"நெல்லு மூட்டையெல்லாம் இங்க யாரும்மா கேக்கப் போறாங்க? இல்லைன்னே இருக்கட்டும்."

எனக்கு வந்ததே கோபம்! என் அப்பா கொல்லையில் விளைந்த ஒரு பூசணிக்காயைக்கூட எண்ணிச் சொல்லுகிறவர். அவர் பெண், வேறொரு நாட்டுக்கு வந்து, அவர்கள் போட்ட சோற்றைத் தின்றுகொண்டு, அவர்களுக்கு எழுதிக் கொடுக்கிற முதல் காகிதத்திலேயே பொய் சொல்வதா? "நெலத்த மறைக்கச் சொல்றியா? யாருகிட்ட கத்துக்கிட்டே இந்தப் புத்தியை? உங்கப்பா ஒரு நாளாவது பொய்க் கையெழுத்து வாங்கிருப்பாராடா?" என்று கேட்டேன். ஆமாம், உங்களைத்தான் சாட்சிக்கு இழுத்தேன். அவன் முகம் போன போக்கு அப்போது எனக்குப் புரியவில்லை. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான்.

அந்த நிலம் எனக்கு என்ன என்பது உங்களுக்குத் தெரியாததா? நீடாமங்கலத்துக்குக் கிழக்கே, வெண்ணாற்று வாய்க்கால் பாய்கிற பன்னிரண்டு மா, நாலு ஏக்கர். தம்பிக்கு ஆறு, எனக்கு ஆறு. என் பங்கையும் அவனே பயிரிட்டு வருஷத்துக்கு நாலு மூட்டை நெல் கொடுக்கிறான் என்றுதான் இருந்தேன். பத்தாவது முடித்த வருஷம் ஆள் கிடைக்காமல் அப்பா தவித்தபோது, அதில் இறங்கி நாற்றுப் பறித்தவள் நான். தம்பி தஞ்சாவூரில் ஹாஸ்டலில் இருந்தான். அவனுக்குக் களை எது, பயிர் எது என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும். எந்த மடையைத் திறந்தால் எந்த வரப்பு கரையும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியும்.

நீங்கள் போன பிறகு, பூதலூர் வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்துவிடு என்று உங்கள் மகன் நின்றான். பக்கத்து வீட்டுக்காரி அழுதாள். "சொந்த வீட்ட வித்துட்டுப் போறீங்களே, நாளைக்கு அங்க ஒத்துக்கலன்னா எங்க வருவீங்க?" நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். "வீடு போனா என்ன? எனக்கு நெலம் இருக்கு. வடக்கு வரப்போரமா ஒரு கொட்டகை போட்டுக்கிட்டு உக்காந்துடுவேன்." உங்கள் மகன் பக்கத்தில்தான் நின்றான். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அந்த நம்பிக்கையில் வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டேன். விமானத்தில் ஏறினேன். இங்கே பனி முழங்கால் வரைக்கும் கொட்டிய மாதமெல்லாம், பிடிக்காவிட்டால் போய்விடலாம், என் மண் இருக்கிறது என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அந்த வாரக் கடைசியில் நூலகத்துக்குப் போனோம். மேல்மாடியில் சில பேர் உட்கார்ந்து, வயதானவர்களுக்கும் புதிதாக வந்தவர்களுக்கும் இலவசமாக வரிக் கணக்கு எழுதித் தருகிறார்கள். எனக்கு வாய்த்தது சுகந்தி என்று யாழ்ப்பாணத்துப் பெண். நாற்பது வயதிருக்கும். அவளிடம் நேரடியாகக் கேட்டுவிட்டேன். "ஊருல நெலம் இருக்கும்மா. எம்புள்ள மறைக்கச் சொல்றான். சொல்லணுமா, வேணாமா?"

உங்கள் மகன் கூரையைப் பார்த்தான்.

"ஓம் அம்மா, காணி உங்கட பேரில இருந்தா என்னட்ட சொல்லத்தான் வேணும்" என்றாள் அவள். "அதுக்குத் தனிப் படிவம் நிரப்ப வேணுமோ இல்லையோ எண்டது பிறகு பாப்பம். முதலில எவ்வளவு காணி, என்ன பெறுமதி எண்டு தெரியவேணும். பட்டா, பத்திரம் ஏதும் இருக்கோ?"

"எல்லாம் எந்தம்பிகிட்ட பத்திரமா இருக்கு."

"அப்ப ஒரு கொப்பி அனுப்பச் சொல்லுங்கோ. அவசரமில்லை, அடுத்த கிழமை வாங்கோ."

எவ்வளவு சுலபம்! நான் வெற்றி பெற்றவள் மாதிரி உங்கள் மகனைப் பார்த்தேன். காரில் வரும்போது, "அம்மா, மாமாவத் தொந்தரவு பண்ணாதே" என்றான். "ஒரு பட்டா போட்டோ எடுத்து அனுப்புறது அவனுக்குத் தொந்தரவா?" என்றேன்.

மறுநாள் காலை காப்பியைக் குடித்துவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டேன். அங்கே சாயங்காலம். வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தான். குளிர் எப்படி, முட்டிவலி எப்படி என்று அவன் கேட்ட வரைக்கும் பேச்சு இழைந்துகொண்டு போனது. பட்டா என்றதும் நின்றது.

"எதுக்குக்கா இப்ப அது?"

சொன்னேன்.

"பட்டா... பீரோவுல இருக்கும். சாவி அவகிட்ட. அவ மன்னார்குடி போயிருக்கா."

"போனா வரமாட்டாளா? நாளைக்கு எடுத்து அனுப்பு."

"பாக்குறேன்க்கா."

"பாக்குறேன் கீக்குறேன்லாம் வேணாம். இங்க தப்புக் கணக்கு குடுத்தா அபராதம் போடுவாங்கடா. நெலம் இருக்குன்னு நான் சொல்லிட்டேன். இப்ப காகிதம் குடுக்கலன்னா, உன் அக்காளத்தான் கொண்டுபோயி விசாரிப்பாங்க."

நான் கொஞ்சம் மிகைப்படுத்தித்தான் சொன்னேன். அவன் சோம்பேறி, பயமுறுத்தினால்தான் நகருவான் என்று. அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அவன் அழுகிற குரலில் சொன்னான்.

"அய்யோ, அந்த நெலத்தக் காட்டிப்புடாதக்கா. அது உம்பேர்ல இல்லக்கா. நீதான் விடுதலை எழுதிக் குடுத்துட்டியேக்கா."

விடுதலைப் பத்திரம். எனக்குத் தெரியாத வார்த்தையா அது? எங்கள் பக்கத்தில் எத்தனை பெண்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்! அப்பா போனதும் கூடப் பிறந்தவன் கூப்பிடுவான், போவார்கள், 'எனக்குப் பங்கு எதுவும் வேண்டாம், முழு மனதோடு விட்டுக் கொடுக்கிறேன்' என்ற காகிதத்தில் கையெழுத்துப் போடுவார்கள். ஒரு தாம்பாளத்தில் பட்டுப் புடவையும் வெற்றிலைபாக்கும் வைத்துக் கொடுப்பார்கள். அதைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். நானே எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். "ஒரு பொடவைக்கு ஒரு வேலி நெலமாடி?" என்று என் சித்தி மகளைக் கேட்டவள் நான். நீங்கள் அப்போது பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள்.

சார் பதிவாளர் அலுவலகத்துக்குப் போன அன்று என்ன நடந்தது என்று வரிசையாக நினைத்துப் பார்த்தேன். பூதலூரிலிருந்து காலை ரயில். பாகம் பிரிக்கிறோம், ஆளுக்கு ஆறு மா என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தீர்கள். அங்கே மரத்தடியில் பத்திரம் எழுதுபவர் கட்டுக் காகிதத்தை நீட்டினார். நான் கையை நீட்டுவதற்குள் நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாப் பக்கத்தையும் புரட்டினீர்கள். "சரியா இருக்கு. ராகுகாலம் வந்துடும், போடு" என்றீர்கள். பென்சில் குறி அங்கேயும் இருந்தது. உள்ளே அதிகாரி என்னைப் பார்த்து, "சம்மதத்தோடதானேம்மா எழுதிக் குடுக்கிறீங்க?" என்று கேட்டார். ஆறு மா எனக்கு வருவதில் சம்மதம் இல்லாமல் என்ன? "ஆமாங்க" என்றேன். விரல் ரேகை வைத்தேன். கேமராவைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தேன்.

வெளியே வந்ததும் தம்பி பெண்டாட்டி தாம்பாளத்தை நீட்டினாள். மாம்பழ நிறத்தில் பட்டுப் புடவை. என்ன பாசம், பாகம் பிரித்த நாளில்கூட நாத்தனாருக்குப் புடவை எடுத்திருக்கிறாளே என்று நான் கண்கலங்கினேன்! பெஞ்சில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு பெண் என் தாம்பாளத்தைப் பார்த்துவிட்டு, "எழுதிக் குடுத்துட்டீங்களா?" என்று கேட்டாள். "ஆமாங்க, ஆயிடுச்சு" என்று சிரித்தேன். அங்கே நின்ற பியூனுக்குத் தெரியும். டீக்கடைக்காரனுக்குத் தெரியும். அந்தப் புடவையைப் பார்த்த ஊருக்கே தெரியும். கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கு மட்டும் தெரியாது. நான் அதை உங்கள் மகன் கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு நின்றேனே, அப்போதாவது உங்களுக்கு உடம்பு கூசவில்லையா?

போனிலேயே தம்பியைப் பிடித்து உலுக்கினேன். "ஏன்டா இப்படிப் பண்ணே? கேட்டிருந்தா..."

"சத்தியமா நான் கேக்கலக்கா. பாகம் பிரிச்சுக்கலாம்னுதான் நான் அத்தான்கிட்ட வந்தேன். அத்தான்தான் சொன்னாங்க, 'மாமனார் வீட்டு மண்ணு ஒரு புடி எனக்கு வேணாம். விடுதலையா எழுதிடு. உங்கக்கா மனசு கஷ்டப்படும், அவகிட்ட நான் பாத்துச் சொல்லிக்கிறேன்'னு."

"குடுத்தா வாங்கிக்குவியா நீ? 'அக்காகிட்ட நேர்ல கேட்டுக்குறேன்'னு சொல்ல வாய் இல்லையா உனக்கு?"



'எனக்கு வேண்டாம்' என்றீர்களாமே. உங்களுக்கு யார் கொடுத்தார்கள்? உங்கள் அப்பா மண்ணா, உங்கள் பாட்டன் மண்ணா? உங்களுக்கு வேண்டாமென்றால் உங்கள் சட்டையைக் கழற்றிக் கொடுத்திருக்க வேண்டியதுதானே! பெருந்தன்மை உங்களுடையது, நிலம் என்னுடையது. மச்சினன் காலில் விழாத குறையாக உங்களைக் கொண்டாடியிருப்பான். சொந்தபந்தம் எல்லாம் 'மாப்பிள்ளைன்னா இப்படி இருக்கணும்' என்று பேசியிருக்கும்.

இந்த வீம்பு எங்கே ஆரம்பித்தது என்றும் எனக்குத் தெரியும். நமக்குக் கல்யாணமான முதல் பொங்கலுக்கு வந்த அப்பா, வாசலில் நாலு பேர் இருக்கும்போது, "அரிசியப் பத்திக் கவலைப்படாதீங்க மாப்பிள்ளை, எம்பொண்ணு சாப்புடுறதுக்கு நான் அனுப்பிடுறேன்" என்றார். அவர் வாஞ்சையாகத்தான் சொன்னார். உங்களுக்கு அது சம்பளத்தைச் சொல்லிக் காட்டிய மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கு நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த ஒரு வார்த்தையை இருபது வருஷத்துக்கு மேல் மனதில் வைத்திருந்து, அவர் செத்த பிறகு அவர் பெண்ணின் பங்கைக் கொண்டு பதில் சொல்லியிருக்கிறீர்கள்.

போனை வைக்கப் போனவளுக்கு நெல் ஞாபகம் வந்தது. "அப்ப வருஷா வருஷம் நாலு மூட்டை எதுக்குடா குடுத்தே? குத்தம் உறுத்துச்சா?" என்றேன்.

"என்ன மூட்டைக்கா?"

"நெல்லு மூட்டைடா. தை மாசம் அத்தான் வந்து வாங்கிட்டு வருவாங்களே."

"நாங்க ஒரு மூட்டையும் குடுக்கலியேக்கா. அத்தான் வருவாங்க. ஒரு காப்பி குடிப்பாங்க. 'அக்கா கேட்டா நீ நெல்லு குடுத்ததா சொல்லிக்க' அப்படின்னுட்டு அடுத்த ரயிலுக்குப் போயிடுவாங்க."

நான் போனை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். எல்லாம் கண் முன்னால் வந்தது. பூதலூர் ஸ்டேஷன் பக்கம் நெல் வியாபாரி ஒருவர் இருந்தாரே, உங்களோடு படித்தவர். அவர் வேன்தான் மூட்டைகளை இறக்கும். ஸ்டேஷனிலிருந்து எடுத்து வருகிறது என்று நினைத்தேன். முதல் வருஷமே நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்து நான் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "என்னங்க இது, சன்ன ரகமா இருக்கு? எங்க வயல்ல குண்டு நெல்லுதானே போடுவாங்க?" நீங்கள் ஒரு நொடிகூட யோசிக்காமல், "உன் தம்பி விதைய மாத்திட்டானாம்" என்றீர்கள். நாற்றுப் பறித்த இந்தக் கைக்கு நெல் உண்மையைச் சொன்னது. நான்தான் நெல்லை நம்பாமல் உங்களை நம்பினேன்.

அந்த அரிசியில் பொங்கல் வைத்துத் தெருவுக்கே கொடுத்தேன். "எங்கப்பா வயல் அரிசி" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிக் கொடுத்தேன். அந்த வியாபாரியே ஒரு வருஷம் நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, "அரிசி நல்லாருக்கும்மா, எந்த ஊரு?" என்று கேட்டார். நான் பெருமையாக விளக்கினேன். நீங்கள் குனிந்த தலை நிமிராமல் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். மாமனார் வீட்டு அரிசி வேண்டாம் என்று வீம்பு பிடித்தவர், சொந்தக் காசில் வாங்கிய அரிசியை மாமனார் வீட்டு அரிசி என்று நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு, பத்து வருஷத்துக்கு மேல் முழுங்கியிருக்கிறீர்கள்.

சாயங்காலம் உங்கள் மகன் வந்ததும் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். "எனக்குத் தெரியும்மா" என்றான். கல்லூரியில் படிக்கும்போதே நீங்கள் சொன்னீர்களாம். அம்மாவிடம் சொல்லாதே என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கினீர்களாம்.

"வீட்ட வித்தப்பயாவது சொல்லிருக்கலாமேடா! நெலம் இருக்குன்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு நின்னேனே!"

"எப்படிம்மா சொல்றது? அப்பா அப்பத்தான் போயிருந்தாரு." அழுதான். "ஆனா பாவம்மா அவரு. உனக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதுன்னுதானே வருஷா வருஷம் நெல்லு வாங்கிட்டு வந்தாரு."

பாவமாம்! திருடினவன் வருஷாவருஷம் தவணை கட்டினால் திருட்டு கடனாக மாறிவிடுமா? எனக்குக் கஷ்டமாக இருக்கக் கூடாது என்று நினைத்தவர், கஷ்டம் கொடுக்காமலே இருந்திருக்கலாமே. நாலு மூட்டையை ரயில் நேரம் பார்த்து நாடகமாடி இறக்கத் தெரிந்தவருக்கு, 'இந்தா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்' என்று சொல்ல ஒரு நிமிஷம் கிடைக்கவில்லையா? ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேனே. நான்காவது நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தீர்கள். "பேசாதீங்க, மூச்சு வாங்கும்" என்று நான்தான் அடக்கினேன். அதுதானா அது? இனிமேல் யாரைக் கேட்பேன்?

அடுத்த வாரம் சுகந்தியிடம் போனேன். "கொப்பி வந்ததோ அம்மா?" என்றாள்.

"நெலம் என் பேர்ல இல்லம்மா. என் கணக்குல வராது."

"வடிவா விசாரிச்சனீங்களோ?"

"நல்லா விசாரிச்சுட்டேன்."

'இல்லை' என்று உங்கள் மகன் போட்டது அப்படியே நின்றது. கடைசிப் பக்கத்தில், மேலே சொன்னதெல்லாம் சரி, முழுமை என்று நான் உறுதி சொல்வதாக ஒரு வரி. அதை இரண்டு முறை தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டேன். பொய்க் காகிதம் என்று நான் வீடு அதிரக் கத்தி மறுத்தேனே, என் வாழ்க்கையில் என் முன்னால் நீட்டிய காகிதங்களில் அதுதான் உண்மைக் காகிதம். மஞ்சள் துண்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு, அவள் கொடுத்த பேனாவில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தம்பி தினமும் போன் செய்கிறான். "கேஸ் கீஸ் போட்டுடாதக்கா, ஊரு சிரிக்கும்" என்கிறான். "யோசிக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன். நிஜமாகவே யோசிக்கிறேன். அவன் கொஞ்ச நாள் தூங்காமல் இருக்கட்டும், தப்பில்லை. உங்கள் மகன் என் பேருக்கு வருகிற கடிதங்களைப் பிரிக்காமல் மேசையில் வைக்கிறான். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். மின்சார பில்லாக இருந்தாலும் படிக்கிறேன். உங்கள் மேல் கோபம் குறையும் என்கிறார்கள். காலையில் காப்பி போடும்போது இருக்கிறது, பஸ்ஸுக்கு நிற்கும்போது இருக்கிறது. மனதுக்குள் உங்களை எதிரே உட்கார வைத்துத் திட்டுகிறேன். பாதியில், "என்னங்க, பதில் சொல்லுங்க" என்று வாய்விட்டே சொல்லிவிடுகிறேன்.

எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். "அத்தான் ஒரு வார்த்தை கேட்டிருந்தா நீயே எழுதிக் குடுத்திருப்பேக்கா, உம்மனசு எனக்குத் தெரியாதா" என்கிறான் தம்பி. "அப்பா கேட்டிருந்தா நீ வேணாம்னா சொல்லிருப்பே?" என்கிறான் உங்கள் மகன். நானும், ஆமாம், கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், கேட்காததுதான் வருத்தம் என்று தலையை ஆட்டிவிடுகிறேன். நல்ல அக்கா, நல்ல அம்மா என்று அவர்களும் நிம்மதியாகிவிடுகிறார்கள்.

உங்களிடம் ஏன் பொய் சொல்ல வேண்டும்? கொடுத்திருக்க மாட்டேன். ஒரு குழி நிலம்கூட விட்டிருக்க மாட்டேன். நீங்கள் கெஞ்சியிருந்தாலும், பேசாமல் படுத்திருந்தாலும், அந்த அதிகாரி முன்னால் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்திருப்பேன். என்னைப் பெற்றவர்களுக்கோ, கூடப் பிறந்தவனுக்கோ, நான் பெற்றவனுக்கோ அது தெரியாது. உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். அதனால்தான் நீங்கள் கேட்கவில்லை.